கல்லறைத் திருநாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் 2க்கு விடுப்பு எழுதிக் கொடுத்தால் ‘என்ன விசேஷம்?’ என்று கேட்பார்கள். கல்லறைத் திருநாள் என்றதும் பக்கத்து மேசைக்காரர் நாற்காலியைத் திருப்பிக்கொள்வார். அப்புறம் கேள்வி மேல் கேள்விதான். பிற மதத்து நண்பர்கள் கேட்பது ஒரு வகை. ஊரை விட்டு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்ட எங்கள் வீட்டுப் பிள்ளைகளே கேட்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், பிழைப்பு சென்னையில். பேச்சில் இரண்டு ஊர் வாடையும் அடிக்கும்.

கல்லறைத் திருநாள் என்பது எந்த நாள், எதற்காக?

ஆண்டுதோறும் நவம்பர் 2. இறந்துபோன விசுவாசிகள் எல்லாருக்காகவும் கத்தோலிக்கத் திருச்சபை வேண்டிக்கொள்ளும் நாள். வழிபாட்டு நாள்காட்டியில் ‘இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு’ என்று போட்டிருக்கும். ஆச்சி காலத்துப் பெயர் ‘சகல ஆத்துமாக்களின் திருநாள்’. முந்தின நாள், நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்குப் புரியும்: மோட்சம் சேர்ந்துவிட்டவர்களுக்கு முதல் நாள், இன்னும் வழியில் இருக்கிறவர்களுக்கு மறுநாள். ஞாயிற்றுக்கிழமையில் வந்தாலும் தள்ளிப்போடுவதில்லை. 2025இல் அப்படித்தான் வந்தது. அன்றைய ஞாயிறு பூசையே (தேவாலயத்தில் நடக்கும் திருப்பலியைத்தான் பூசை என்கிறோம்) கல்லறைத் திருநாள் பூசையாக நடந்தது.

‘எல்லாருக்காகவும்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் வீட்டு இறப்புக்கு மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள், அப்புறம் வருஷ பூசை என்று தனித்தனி நாள்கள் இருக்கின்றன. வருஷ பூசை வைக்க ஆளில்லாதவர்களையும் சேர்த்து அள்ளிக்கொள்வதற்கு இருப்பது இந்த ஒரு நாள்தான்.

இறந்தவர்களை நினைக்கிற நாளைப் போய்த் ‘திருநாள்’ என்பதா?

சாயங்காலம் நாலு மணிக்கு ஏதாவது ஒரு பெரிய கல்லறைத் தோட்டத்துக்கு வந்து பாருங்கள், பதில் கிடைத்துவிடும். வாசலில் பூக்கடை, மெழுகுதிரிக் கடை, சுண்டல்காரர். உள்ளே கைக்குழந்தையோடு வந்தவர்கள், துபாயிலிருந்து லீவு போட்டு வந்தவர்கள், ஒரு வருஷமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பிகள். அப்பா கல்லறை ஒன்றுதான். அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் நின்றுதான் ஆக வேண்டும். அந்த வருஷம் ஆளைப் பறிகொடுத்தவர்கள் அழுவார்கள். மற்றவர்கள் அழுவதில்லை. ‘பார்த்துட்டு வந்துடுவோம்’ என்றுதான் வீட்டிலிருந்து கிளம்புவோம், உயிரோடு இருக்கிறவரைப் பார்க்கப் போகிற மாதிரி.

கிறிஸ்தவர்களுக்குக் கல்லறை என்பது தூங்குமிடம். கிரேக்கத்தில் ‘கொய்மேத்தேரியோன்’ என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். ஐரோப்பிய மொழிகளில் கல்லறைத் தோட்டத்துக்கு வழங்கும் பெயர் அதிலிருந்து பிறந்தது; சென்னைப் பேச்சில் வரும் ‘சிமெட்ரி’ அதன் பேரப்பிள்ளை. யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் ‘சேமக்காலை’ என்பார்கள். சேமம் என்ற சொல் அதற்குள் உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, எனக்கு மிகவும் பிடித்த சொல் அது.

இதை யார் தொடங்கினார்கள்?

பிரான்சில் குளூனி என்ற ஊரில் பெரிய ஆசீர்வாதப்பர் சபை மடம் ஒன்று இருந்தது. 994 முதல் 1049 வரை அதன் அதிபராக இருந்தவர் புனித ஓதிலோ. அனைத்துப் புனிதர் திருநாளுக்கு மறுநாள், உலகம் தொடங்கியதிலிருந்து இறந்த எல்லா விசுவாசிகளுக்காகவும் பூசையும் செபமும் தர்மமும் செய்ய வேண்டும் என்று தன் மடங்களுக்கு அவர் கட்டளையிட்டார். 998ஐ ஒட்டி என்று வழக்கமாகச் சொல்வார்கள். 1030 என்பாரும் உண்டு. குளூனிக்குக் கீழே ஏராளமான மடங்கள் இருந்ததால் வழக்கம் ஐரோப்பா முழுக்கப் பரவியது.

ஆனால் இறந்தவர்களுக்காக வேண்டுவது ஓதிலோ கண்டுபிடித்த விஷயம் அல்ல. அவருக்கு அறுநூறு வருஷம் முன்னால் புனித மோனிக்கம்மாளின் கதை இருக்கிறது. ஆப்பிரிக்காவில், சொந்த ஊரில், கணவர் பக்கத்தில் தனக்கும் ஓர் இடம் தயார் செய்து வைத்திருந்தவர். 387இல் ஊர் திரும்பும் வழியில், ரோமுக்கு அருகே ஓஸ்தியா துறைமுகத்தில் காய்ச்சலில் விழுந்தார். வெளியூரில் சாவது பற்றி மகன்கள் கவலைப்பட்டபோது, இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். மகன் அகுஸ்தீனார் தம் வாழ்க்கைக் கதையில் எழுதி வைத்திருக்கிறார். ஊர்க் கல்லறைக்கு ரயில் டிக்கெட் கிடைக்காத வருஷங்களில் எனக்கு இந்த அம்மாதான் ஆறுதல்.

‘உத்தரிக்கிற ஸ்தலம்’ என்கிறார்களே, அது என்ன?

நேராக நரகத்துக்குப் போகும் அளவுக்குக் கெட்டவர்களும் அல்ல, நேராக மோட்சத்துக்குப் போகும் அளவுக்குச் சுத்தமானவர்களும் அல்ல. நம்மில் பெரும்பாலோர் அந்த ரகம்தானே? அப்படி இறந்தவர்கள் கடவுளைக் காண்பதற்கு முன் தூய்மையாகும் நிலையே உத்தரிக்கிற ஸ்தலம். அங்கே இருக்கும் ஆத்துமாக்களுக்கு மோட்சம் உறுதி, காத்திருப்புதான் பாக்கி. அந்தக் காத்திருப்பில் இருப்பவர்களுக்கு உயிரோடு இருப்பவர்களின் செபமும், முக்கியமாகப் பூசையும் உதவும் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. திருச்சபையின் பொதுச்சங்கங்களான புளோரன்சு சங்கம் 1439இலும் திரெந்து சங்கம் 1563இலும் இதை உறுதிப்படுத்தின.

வேதத்தில் ஆதாரம் கேட்டால் மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். போரில் விழுந்த தம் வீரர்களைப் புதைக்கப் போன யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே, அவர்கள் உடைக்குள் அந்நிய தெய்வத்தின் தாயத்துகளைப் பார்க்கிறார். பாவம் செய்துவிட்டுச் செத்திருக்கிறார்கள். ‘தொலையட்டும்’ என்று விடவில்லை. 2,000 திராக்மா வெள்ளி வசூலித்து, அவர்களுடைய பாவத்துக்குப் பரிகாரமாகப் பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லி எருசலேமுக்கு அனுப்புகிறார். மேல்சட்டைக்குள் தாயத்து கட்டியிருந்தவனுக்கும் சேர்த்து வசூல் நடந்தது என்பது எனக்குப் பிடித்த இடம்.

உத்தரிப்பது என்றால் பட்டுத் தீர்ப்பது. எங்கள் பக்கத்துக் கிழவிகள் வேதபாடம் எல்லாம் சொல்லமாட்டார்கள். மருமகளோடு சண்டை வந்தால் ‘எல்லாத்தையும் இங்கேயே உத்தரிச்சிட்டுப் போறேன்’ என்பார்கள். இறையியல் அங்கேயே முடிந்துவிடும்.

கல்லறைத் திருநாளுக்கு என்னென்ன செய்வார்கள்?

வேலை ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடும். அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்திருக்கும். கல்லறைத் தோட்டத்தில் புல் முழங்கால் உயரம் நிற்கும். அரிவாளும் மண்வெட்டியும் எடுத்துப் போய்ச் செதுக்க வேண்டும். மண் கல்லறை என்றால் மழையில் கரைந்து அமுங்கியிருக்கும். மண் அணைத்து மேடாக்கி, சாய்ந்த மரச் சிலுவையை நிமிர்த்தி நட வேண்டும். கட்டின கல்லறைக்குச் சுண்ணாம்பு. பெயரெழுத்துகள் மங்கியிருந்தால் கறுப்புப் பெயின்ட். ஒரு வருஷம் அவசரத்தில் பிடித்து வந்த பெயின்டர் ‘தோற்றம்’ இருந்த இடத்தில் ‘மறைவு’ என்றும், ‘மறைவு’ இருந்த இடத்தில் ‘தோற்றம்’ என்றும் எழுதிவிட்டுப் போய்விட்டார். அடுத்த நவம்பர் வரை எங்கள் தாத்தா செத்துப்போன பிறகு பிறந்தவராகவே இருந்தார்.

அன்றைக்குப் பூ. செவ்வந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை, செண்டுமல்லி. மாலையாகச் சாத்துவார்கள், அல்லது ரோஜாவை உதிர்த்துக் கல்லின் மேல் சிலுவை போடுவார்கள். சாம்பிராணியும் ஊதுபத்தியும் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம் மெழுகுதிரி. இதுதான் பெரிய பாடு. ஐப்பசி மழைத் தூறலும் காற்றும் சேர்ந்து வந்தால் ஒரு திரி நிற்காது. தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்ப்பவர்கள் உண்டு, இளநீர்க் கூட்டுக்குள் வைப்பவர்கள் உண்டு. எங்கள் ஆச்சி இரண்டு செங்கல்லைக் கூரை மாதிரி சாய்த்து நடுவில் ஏற்றுவாள். முதலில் திரியைச் சாய்த்து நாலு சொட்டு மெழுகை ஊற்று, அது ஆறுவதற்குள் அடியை அதில் பதி, கையை உடனே எடுத்துவிடாதே, பத்து எண்ணு. இதைச் சொல்லிக்கொடுக்கும்போது அவள் குரலில் வேதபாடத்தைவிடக் கண்டிப்பு அதிகம் இருக்கும். இருட்டின பிறகு தோட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் சுடர் எழும்போது அந்தச் சிடுசிடுப்பெல்லாம் போய்விடும்.

கல்லறைத் தோட்டத்திலேயே பூசை நடக்கும் ஊர்களும் உண்டு. முடிந்ததும் சாமியார் தீர்த்தச் சொம்போடும் தூபத்தோடும் வரிசை வரிசையாக மந்திரித்துக்கொண்டு, அதாவது கல்லறைகளை ஆசீர்வதித்துக்கொண்டு, போவார். ‘சாமி, இங்க கொஞ்சம்’, ‘சாமி, மூலையில ஒண்ணு இருக்கு’ என்று நாலா பக்கமும் கூப்பிடுவார்கள். பீடச் சிறுவன் தூபக்கலசத்தை ஆட்டியபடி சேற்றில் ஓடுவான்.

சிறுவர்களுக்கு வேறு வேலை. உருகி வழிந்த மெழுகைச் சுரண்டி உருட்டுவது. கை பொறுக்கும் சூட்டில் எடுத்து, ஒரு கல்லறையிலிருந்து அடுத்த கல்லறைக்குப் போய்ப் போய்ப் பந்தைப் பெரிதாக்க வேண்டும். யாருடைய பந்து பெரியது என்று போட்டி. எரிந்துகொண்டிருக்கும் திரியைத் தொடக்கூடாது, வழிந்ததை மட்டும்தான் எடுக்கலாம். அது எழுதப்படாத சட்டம். நானும் இந்தத் தொழிலில் நாலைந்து வருஷம் இருந்தவன்.

வாசல் வளைவில் ‘இன்று நான், நாளை நீ’ என்று எழுதியிருக்கிறதே, பயமுறுத்துவதற்கா?

கொஞ்சம் அப்படித்தான். பழைய லத்தீன் வாசகம் அது. ஐரோப்பாவிலும் கல்லறைகளில் எழுதுவார்கள். வேதத்தில் சீராக்கின் ஞானம் என்ற நூலின் 38ஆம் அதிகாரத்தில் இதன் வேர் இருக்கிறது: நேற்று அவருக்கு, இன்று உனக்கு என்ற பொருளில் வரும். சின்ன வயதில் இதைப் படித்து ‘நாளைக்கேவா?’ என்று அப்பாவைக் கேட்டேன். ‘பரீட்சை முடியட்டும்’ என்றார்.

கல்லறையில் சாப்பாடு வைக்கலாமா?

சில குடும்பங்களில் இறந்தவருக்குப் பிடித்த பலகாரம், பழம் வைக்கிறார்கள். சுருட்டு வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். திருச்சபை சொல்வதைச் சொல்லிவிடுகிறேன்: ஆத்துமாவுக்குத் தேவை செபம், சாப்பாடு அல்ல, அந்தச் சாப்பாட்டை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஏழைகளுக்குக் கொடுங்கள். ஓதிலோவின் கட்டளையிலேயே தர்மம் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் செய்கிற சமர்த்தர்களும் இருக்கிறார்கள். கல்லறையில் ஒரு நிமிஷம் வைத்து எடுத்து, அப்படியே வாசலுக்குக் கொண்டுபோவார்கள்.

அன்றைய பூசையில் என்ன வித்தியாசம்?

குரு ஊதா நிறத்தில் உடுத்தியிருப்பார். கறுப்புக்கும் அனுமதி உண்டு. ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப் பாட்டைப் பாடுவதில்லை. இன்னொரு விசேஷம்: அன்றைக்கு ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம். ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளுக்கு 1748இல் கிடைத்த இந்தச் சலுகையை, 1915இல் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் உலகம் முழுவதற்கும் விரித்தார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த வருஷம். அள்ளி அள்ளிச் சாவு விழுந்தது, பூசை ஒப்புக்கொடுக்க ஆளும் நாளும் போதவில்லை. மூன்று பூசையில் ஒன்றுக்குத்தான் காணிக்கை வாங்கலாம். ஒன்று கட்டாயம் இறந்த எல்லாருக்கும். இன்னொன்று பாப்பரசரின் கருத்துக்கு, அதாவது அவர் வேண்டிக்கொள்ளும் காரியங்களுக்கு.

நம் ஊர்க் கோயில்களில் (தேவாலயங்களைத்தான் சொல்கிறேன்) நவம்பர் மாதம் முழுவதுமே ஆத்துமாக்களின் மாதம். உறைக்குள் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்போம், பூசையில் வாசிப்பார்கள். நூற்றுக்கணக்கில் வரும். அந்தோணி, மிக்கேல், மரியம்மாள், சவேரியார், மறுபடி அந்தோணி என்று போய்க்கொண்டே இருக்கும் அந்தப் பட்டியலில் நம் ஆள் பெயர் வரும் வரை காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். வந்ததும் பக்கத்திலிருக்கும் தங்கை முழங்கையால் இடிப்பாள்.

மகாளய அமாவாசை, திவசம் மாதிரியா?

பார்ப்பதற்கு ஒரே குடும்பத்துச் சாயல்தான். இறந்தவர்களை வருஷத்துக்கு ஒரு நாளாவது நினைக்காமல் இருக்க முடியாத மண் இது. ஆனால் உள்ளே இருக்கும் கணக்கு வேறு. திவசம் செய்ய உறவு வேண்டும், முறை வேண்டும். பிதுருக்கள் திருப்தியடைந்து ஆசி தருவார்கள். கல்லறைத் திருநாளில் யாரும் யாருக்காகவும் வேண்டலாம், மகளுக்கும் மகனுக்கும் வித்தியாசம் இல்லை. திதி பார்ப்பதும் கிடையாது. இறந்தவர் வீட்டுக்கு வருகிறார் என்ற எண்ணமும் இல்லை, நாம்தான் போகிறோம். கல்லறைக்குப் போய் வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எங்கள் வீட்டிலேயே ஒரு அத்தை விடாப்பிடியாக நின்றாள். அது பக்கத்து வீட்டிலிருந்து வந்த பழக்கம். பரவாயில்லை, மழையில் நனைந்துதானே வந்தோம்.

சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபையார் இதைக் கொண்டாடுவார்களா?

கொள்கைப்படி இல்லை. சீர்திருத்த சபைகள், அதாவது புராட்டஸ்டண்ட் சபைகள், உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்பதில்லை. மக்கபேயர் நூலும் அவர்கள் வேதாகமத்தில் கிடையாது. மார்ட்டின் லூத்தர் 95 கருத்துகளை வெளியிட்டது 1517 அக்டோபர் 31, அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தின நாள். இறந்தவர்களுக்காகப் ‘பலன்’, அதாவது பாவத் தண்டனைக் குறைப்பு, வாங்குவதுதான் அன்றைய சண்டையின் மையம். அதனால் இந்த நாளோடு அவர்களுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு.

ஆனால் மனசு கேட்குமா? பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் 1816இல் திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறை இறந்தோர் நினைவாக அறிவித்தார். ஜெர்மன் லுத்தரன்கள் இன்றும் அன்று கல்லறைக்குப் போகிறார்கள். நம் ஊரில் இன்னும் எளிது. சென்னையில் கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகளில் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் அடுத்தடுத்துப் படுத்திருக்கிறார்கள். நவம்பர் 2 அன்று சி.எஸ்.ஐ. குடும்பங்களும் பூவோடும் திரியோடும் வருகின்றன. ‘இறந்தவருக்காக அல்ல, அவரைத் தந்ததற்கு நன்றி சொல்லத்தான் ஜெபிக்கிறோம்’ என்பார்கள். சரி. பெந்தெகொஸ்தேகாரர்கள், இறந்தவர்கள் ஒன்றும் அறியார்கள் என்னும் பிரசங்கி 9:5ஐக் காட்டி வேண்டாம் என்பார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா யாருக்கும் சொல்லாமல் வந்துவிட்டுப் போவார்.

கிழக்குச் சபைகளுக்கு வேறு நாள்கள் உண்டு. பைசாந்திய முறையினருக்கு, இறந்தவர்களுக்காக வேண்டும் ஆத்துமச் சனிக்கிழமைகள் இருக்கின்றன.

ஹாலோவீனுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பெயரில் நேரடிச் சம்பந்தம். ‘ஹாலோ’ என்றால் புனிதர். புனிதர்கள் திருநாளுக்கு முந்தின மாலை என்பதுதான் ஹாலோவீன். இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகப் போய் ‘ஆத்துமக் கேக்’ வாங்கிக்கொண்டு, அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபிப்பார்கள். மிட்டாய் கேட்டு வரும் பேய் வேஷத்துக்கு அதை ஒரு மூதாதையாகச் சொல்வதுண்டு. பூசணிக்காயில் கண் மூக்கு வெட்டுவது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது தெரிகிறது. செங்கல்லைச் சாய்த்து மெழுகுதிரி வைக்கத் தெரிவதில்லை.

வேறு நாடுகளில் எப்படி?

போலந்தில் நவம்பர் 1 அரசு விடுமுறை. கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கேற்றிக் கல்லறைத் தோட்டத்தையே சிவப்பும் மஞ்சளுமாக ஒளிர வைப்பார்கள். எங்கள் செங்கல் நுட்பம் அங்கே தேவைப்படாது. பிலிப்பீன்சில் குடும்பமே பாயும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு போய்க் கல்லறையில் இரவு தங்கும். சீட்டுக்கட்டு, மது, சத்தமான பாட்டு வேண்டாம் என்று ஒவ்வொரு வருஷமும் அதிகாரிகள் அறிவிப்பார்கள். பிரான்சில் கல்லறைக்குச் செவ்வந்தித் தொட்டி வைப்பது வழக்கம். அதனால் பிரெஞ்சுக்காரர் வீட்டு விருந்துக்குச் செவ்வந்தி வாங்கிப் போகாதீர்கள். சிசிலியில் இறந்தவர்கள் இரவில் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்களாம்.

மெக்சிகோவின் இறந்தோர் நாள் எல்லாருக்கும் தெரியும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கே வீட்டில் பலிபீடம் கட்டி, இறந்தவர் வழி தெரிந்து வரட்டும் என்று ஆரஞ்சு நிறப் பூவிதழ்களைப் பாதையாக உதிர்ப்பார்கள். அந்தப் பூ எது தெரியுமா? நம் செண்டுமல்லி. பிறந்த மண் மெக்சிகோ. ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் கடல் தாண்டிய காலத்தில் உலகம் சுற்ற வந்து, நம் ஊர்ப் பூக்கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. எங்கள் ஆச்சிக்கு மெக்சிகோ என்ற நாடே தெரியாது. ஆனால் கல்லறைக்கு மலிவாக, ரெண்டு நாள் வாடாமல் நிற்கும் பூ அதுதான் என்று தெரிந்திருந்தது.

உடலை எரித்துவிட்டோம், கல்லறை இல்லை. நாங்கள் என்ன செய்வது?

1963 முதல் கத்தோலிக்கருக்கு எரியூட்ட அனுமதி உண்டு. உயிர்ப்பை மறுப்பதற்காகச் செய்யாமல் இருந்தால் போதும். புதைப்பதே மேல் என்று திருச்சபை இன்னும் சொல்கிறது. சாம்பலை ஆற்றிலோ கடலிலோ கரைக்காமல், வீட்டிலும் வைத்துக்கொள்ளாமல், கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்கச் சொல்லி 2016இல் உரோமையிலிருந்து விளக்கம் வந்தது. 2023 கடைசியில் கொஞ்சம் தளர்த்தினார்கள். பெருநகரங்களில் இடம் இல்லை என்பதுதான் நிஜமான பிரச்சினை. குடும்பக் கல்லறையைத் திறந்து, பழைய எலும்புகளை ஒரு பக்கம் ஒதுக்கி, அதே குழியில் அடுத்தவரை இறக்குகிறோம். மாமியாரும் மருமகளும் அங்கே போயும் ஒரே அறையில்.

கல்லறை இல்லாதவர்கள் கோயிலில் பெயர் கொடுத்துப் பூசை பார்க்கலாம். தோட்டத்தின் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் திரி ஏற்றலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கல்லறைக்குப் போனால் ‘நிறைபேறுபலன்’ கிடைக்கும் என்கிறார்கள்?

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்து இறந்தவர்களுக்காகச் செபித்தால், நாளுக்கு ஒரு பரிபூரண பலனை (பாவத் தண்டனை முழுவதும் நீங்கும் பலன்; நிறைபேறுபலன் என்பதும் இதுதான்) உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை), நற்கருணை (பூசையில் வாங்கும் அப்பம்), பாப்பரசரின் கருத்துக்காகச் செபம் ஆகியவை நிபந்தனை. கொரோனா காலத்தில், 2020இல், கூட்டம் சேராமல் இருக்க இதை நவம்பர் முழுவதற்கும் நீட்டினார்கள்.

கல்லறையிலும் சாதி உண்டா?

உண்டு. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறை, தனி வரிசை என்று ஒதுக்கிய ஊர்கள் இருக்கின்றன. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குள் எழுப்பப்பட்ட சாதிச் சுவரை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. ‘எல்லா ஆத்துமாக்களுக்கும்’ என்று பீடத்தில் வாய் நிறையச் செபித்துவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் மட்டும் தீர்த்தம் தெளித்தால் ஓதிலோ என்ன நினைப்பார்?

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் வரலாமா?

தாராளமாக. நண்பர் கல்லறைக்கு ஒரு பூ போதும். செருப்போடு வரலாம், ஆனால் கல்லறை மேல் ஏறி மிதிக்காதீர்கள். படம் எடுப்பதாக இருந்தால் அழுகிறவர்களை விட்டுவிடுங்கள்.

ஒரு கேள்வி கூட: அந்த வருஷம் இறப்பு நடந்த வீட்டுக்கு டிசம்பரில் கேக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். அக்கம்பக்கம்தான் கொண்டுபோய்க் கொடுக்கும்.

யார் என்றே தெரியாத கல்லறைக்கு மெழுகுதிரி ஏற்றலாமா?

ஆச்சி ஒவ்வொரு வருஷமும் ஒரு பாக்கெட் திரி கூடுதலாக வாங்குவாள். தாத்தா, அவள் அம்மா, சின்ன வயதில் போன ஒரு தம்பி என்று எங்கள் கல்லறைகள் முடிந்ததும், மீதியை என் கையில் கொடுத்து மதில் ஓரத்துக்கு அனுப்புவாள். அங்கே சிலுவை இல்லாத மண்மேடுகள் இருக்கும். சிலது மேடாகக்கூட இல்லை, புல் கொஞ்சம் வேறு மாதிரி வளர்ந்திருப்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘யாருக்கு ஆச்சி?’ என்று கேட்டால் ‘யாருக்கோ’ என்பாள்.

மெழுகுப் பந்து உருட்டுகிற அவசரத்தில் ஒரு தடவை பாதியை மட்டும் ஏற்றிவிட்டு, மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவள் என் பையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்து என்னை மறுபடி மதில் ஓரத்துக்குக் கூட்டிப் போனாள். தூறல் ஆரம்பித்திருந்தது. முந்தானையை விரித்து நின்றுகொண்டு, ‘ஏத்து, பத்து எண்ணு’ என்றாள்.